என் சீட்டில் உட்கார்ந்திருந்தவள்

"பக்கத்துல இருக்கிறவங்கள ஒரு தடவ கட்டிப்பிடிங்க, வெக்கப்படாதீங்க" என்றார் மேடையில் நின்றவர்.

கம்பெனி கான்டீனுக்குப் பின்னால், லாரிகள் திரும்பும் இடத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். மேடையில் 'மனம் விட்டுப் பேசுவோம்' என்று பெரிய பேனர். பெங்களூரிலிருந்து வந்திருந்த அந்த மனிதர் சட்டையில் சின்ன மைக்கைக் குத்திக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தபடி பேசினார். நல்ல குரல். மனசில் கள்ளம் இல்லாத ஆள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால் என் கோபம் குறைந்துவிடவில்லை.

என் பக்கத்து நாற்காலியில் பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி. அதற்கு முன்னால் நான் அவளைப் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. சொன்னபடியே என்னைக் கட்டிப்பிடித்தாள். அட்டைப்பெட்டி வாசனையும் மல்லிகை வாசனையும் சேர்ந்து வந்தது. போட்டோ எடுக்கிறவர் அடுத்த வரிசைக்கு நகர்ந்ததும் இருவரும் கையை எடுத்துக்கொண்டோம்.

"தனிமைங்கிறது வெளிய இல்லீங்க, நம்ம மனசுக்குள்ள இருக்குது. பிடிச்ச ஒரு ஃப்ரெண்டுகிட்ட தினமும் கொஞ்ச நேரம் பேசுங்க. எல்லாம் சரியாப் போயிடும்" என்றார்.

கோபம் வந்தால் எனக்கு முதலில் காது சூடாகும். அன்றைக்கு இரண்டு காதும் எரிந்தன. எனக்குப் பிடித்த ஒரே ஃப்ரெண்ட் அந்த நேரத்தில் ஷெட்டுக்குள் என் சீட்டில் உட்கார்ந்து என் வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.

சீட்டு காலியாகக் கூடாது

இந்தத் தொடரை இப்போதுதான் எடுத்துப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் நாகரசம்பட்டிக்காரி. கல்யாணம் என்று ஒன்று நடந்து, அது முடிந்தும் போய், முப்பதைத் தாண்டிய வயதில் ஓசூருக்கு வேலைக்கு வந்தவள். வண்டிகளுக்கான எலெக்ட்ரானிக் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். பெயர் சொல்ல மாட்டேன். சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை, சிப்காட்டில் எந்தக் கேட்டுக்குள் நுழைந்தாலும் இதே கதைதான்.

லைன் என்றால் நீளமாக ஓடும் ஒரு பெல்ட். இரண்டு பக்கமும் பெண்கள். போர்டு நம் முன்னால் வரும், நம் பங்குக்கு ஒரு சின்னப் பாகத்தைப் பொருத்த வேண்டும், அது அடுத்தவளிடம் போய்விடும். நீலக் கோட்டு, தலையை மூடிய தொப்பி, வாயை மூடிய மாஸ்க். வெளியே தெரிவது கண் மட்டும்.

அந்த பெல்ட் நிற்கவே கூடாது. சாப்பிடப் போனாலும், பாத்ரூம் போனாலும், நம் சீட்டு காலியாக இருக்கக் கூடாது. அதற்காக ஒவ்வொரு லைனுக்கும் ஒரு ரிலீவர் உண்டு. அவள் வந்து தோளில் இரண்டு முறை தட்டுவாள். நாம் எழுந்து நகர வேண்டும், அவள் அந்தச் சூட்டிலேயே உட்கார வேண்டும். அடுத்த போர்டு வருவதற்குள் ஆள் மாறியிருக்க வேண்டும்.

எங்கள் லைனின் ரிலீவர் பெயர் கௌரம்மா. தளி பக்கத்துக் கிராமம், வீட்டில் கன்னடம் பேசுகிறவள். என்னைவிட ஐந்தாறு வயது சிறியவள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நான் சாப்பிடப் போக வேண்டுமென்றால் அவள் என் சீட்டில் உட்கார வேண்டும். அவள் உட்கார்ந்திருந்தால்தான் நான் கான்டீனில் இருக்க முடியும். ஆக, அந்தக் கம்பெனியில் எத்தனை வருஷம் வேலை செய்தாலும் நானும் அவளும் சேர்ந்து ஒரு வாய் சோறு தின்ன வழியே கிடையாது. எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து யோசித்தானோ!

இதில் இன்னொரு கொடுமை. எல்லோரையும் சாப்பிட அனுப்பிவிட்டு ரிலீவர் கடைசியில்தான் சாப்பிடப் போவாள். அந்நேரம் கூட்டு தீர்ந்திருக்கும், பொரியல் தீர்ந்திருக்கும், ரசத்தில் தண்ணீர் கூடியிருக்கும். கான்டீனில் மேசை துடைக்கிறவர்கள் துணியோடு நிற்க, நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பி ஓடி வருவாள். ரிலீவரை ரிலீவ் பண்ண ஆள் கிடையாது.

லோன் வேண்டுமா மேடம்

நான் குடியிருந்தது சிப்காட்டுக்குப் பின்புறம் ஒரு லைன் வீடு. ஒற்றை அறை. பக்கத்து அறைகளில் ஒடிசா, பீகார், திருநெல்வேலி, விழுப்புரம் என்று எல்லா ஊர் ஆளும் இருந்தார்கள். எல்லோருக்கும் வேறு வேறு ஷிப்ட். நான் போகும்போது அவர்கள் கதவு சாத்தியிருக்கும், நான் வரும்போது அவர்கள் கதவில் பூட்டுத் தொங்கும். செருப்பை வைத்துத்தான் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கண்டுபிடிக்க வேண்டும்.

வார லீவு நாளில் மார்க்கெட்டுக்குப் போய்த் தக்காளி என்ன விலை, அவரை என்ன விலை என்று கேட்டுக்கொண்டே நடப்பேன். வாங்குவதற்கில்லை. என் குரல் இன்னும் வருகிறதா என்று பார்ப்பதற்குத்தான்.

பேங்கிலிருந்து ஒரு பெண் போன் பண்ணுவாள், பர்சனல் லோன் வேண்டுமா மேடம் என்று. எல்லோரும் எரிச்சலோடு வைக்கிற போன் அது. நான் வைக்க மாட்டேன். எந்த ஊரும்மா, சாப்டியாம்மா, எத்தனை மணிக்கு டூட்டி முடியும் என்று கேட்பேன். ஒரு தடவை அவளே சிரித்துவிட்டு, "மேடம், இந்தக் கால் ரெக்கார்டு ஆவுது, நான் இப்படிப் பேசக் கூடாது" என்றாள். அதற்கப்புறம் அவள் கூப்பிடவில்லை. வேறு யாரோ ஒரு ஆண் கூப்பிட்டான். அவனிடம் எனக்குப் பேச்சு வரவில்லை.

இதைப் படித்துவிட்டு அய்யோ பாவம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பாவம் என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மழை பெய்வதுபோலத் தானாக வந்த தனிமை இல்லை இது. ஷிப்ட் ஷிப்டாகப் பிரித்து, டைம்டேபிள் போட்டு, சுவரில் ஒட்டிக் கொடுத்த தனிமை. ஒட்டினவர்கள் கூட்டமாகத்தான் சாப்பிடுகிறார்கள், ஏசி ரூமில்.

ஊட்டா ஆயித்தா

கௌரம்மா தோளில் தட்டும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பாள். "ஊட்டா ஆயித்தா அக்கா?"

சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். கன்னடத்துக்காரர்கள் வணக்கம் சொல்வதற்குப் பதில் இதைத்தான் கேட்பார்கள், ஓசூரில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் என்னைச் சாப்பிட அனுப்புவதற்கே வந்துவிட்டு, ஆயிற்றா என்று கேட்டால்?

"இப்பத்தாண்டி போறன். நீ வந்தாத்தான் எனக்கு ஊட்டா" என்பேன். மாஸ்குக்கு மேலே அவள் கண் சுருங்கும். அதுதான் அவள் சிரிப்பு.

அந்த ஆள் மாறும் நேரத்தில், அவள் குனிய நான் நிமிர, ஆளுக்கு ஒரு வரி பேசிக்கொள்வோம். மகளுக்குக் காய்ச்சல். எங்கள் அண்ணி பேசுவதில்லை. தளியில் பனி. மாமியாருக்குக் கண் ஆபரேஷன். இப்படியே ஒவ்வொரு வரியாக ஒரு வருஷத்துக்கு மேல் பேசினோம். கூட்டிப் பார்த்தால் என் அண்ணன்மாரைவிட அவளுக்குத்தான் என்னைப் பற்றி அதிகம் தெரியும்.

வெளியே பார்க்க முடியாதா என்று கேட்பீர்கள். நானும் முட்டிப் பார்த்தேன். ஷிப்ட் முடிந்ததும் அவள் பஸ் தளி ரோட்டுக்குப் போய்விடும், தவறவிட்டால் அவள் ஊருக்கு வேறு பஸ் கிடையாது. என் லீவு நாள் வேறு, அவள் லீவு நாள் வேறு. போன் அவள் வீட்டுக்காரரிடம் இருக்கும். ஒரு தடவை கூப்பிட்டேன், யாரு, என்ன விஷயம், எந்த டிபார்ட்மென்ட் என்று அவர் என்னை இன்டர்வியூ எடுத்துவிட்டார்.

மாஸ்க் இல்லாமல் பார்த்ததே இல்லை, அவள் முகமே எனக்குத் தெரியாது என்பதுதான் உச்சம். ஒரு நாள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பூக்கடை முன்னால் அதே கண், அதே உயரம். கௌரம்மா என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டேன். அந்தப் பெண் மிரண்டு கூடையைக் கீழே போட்டுவிட்டாள். அவள் பெயர் ரஹீமாவாம். ஐடிஐ மாணவிக்கு அம்மாவாம். உதிரிப்பூவைச் சேர்ந்து பொறுக்கினோம். மறுநாள் இதைச் சொன்னதும் கௌரம்மாவுக்குச் சிரிப்பில் கை நடுங்கி ஒரு போர்டு ரிஜெக்ட் ஆகிவிட்டது.

மாந்தோப்பும் கழுவாத கையும்

எங்கள் பக்கம் மாங்காய் பறிக்கிற காலத்தில் கூலிப் பெண்கள் தோப்பில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதில் ஒரு முறை உண்டு. முதலில் சாப்பிட்டு முடித்தவள் எழுந்து கை கழுவிவிடக் கூடாது. கடைசி ஆள் முடிக்கிற வரைக்கும் காய்ந்த கையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னாலேயே எழுந்துவிட்டால், உன்னோடு எனக்குச் சரிப்படாது என்று சொன்னதாக அர்த்தம்.

ஊர் நல்லது, பட்டணம் கெட்டது என்று சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதே வட்டத்தில் வைத்துத்தான் என் புருஷன் ஏன் விட்டுவிட்டுப் போனான் என்று என்னைத் தோண்டித் தோண்டிக் கேட்டார்கள். அந்த வாய்களுக்குப் பயந்துதான் ஓசூருக்கே ஓடி வந்தேன். வந்த இடத்தில் கேள்வி கேட்கக்கூட வாய் இல்லை. கௌரம்மா ஒருத்திதான் கேட்டாள், அதுவும் சாப்பாடு ஆயிற்றா என்று.

கையைத் தூக்கினேன்

ஷாமியானாவுக்குத் திரும்பி வருகிறேன். அந்தக் கூட்டமே ஏன் நடந்தது என்றால், கம்பெனி ஹாஸ்டலில் ஒரு பெண் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். யார் கேட்டாலும் பதில் இல்லை. ஊரிலிருந்து அப்பா வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பரிகாரமாக இந்தப் பேனர், இந்த மைக், ஆளுக்கு ஒரு சமோசா.

அதற்காக லைனை நிறுத்தினார்களா? அதுதான் இல்லை. வேகத்தைக் குறைத்து, ரிலீவர்களை மட்டும் உள்ளே உட்காரவைத்து ஓட்டினார்கள்.

யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று அவர் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். மைக் கையில் வந்தது.

"சார், எனக்கு ஒரு ஃப்ரெண்டு இருக்கா. நான் இங்க இருக்கணும்னா அவ என் சீட்டுல இருக்கணும். அவ வந்தா நான் போயிடணும். ஒரு வருஷமா நாங்க ஒண்ணா உக்காந்து சாப்பிட்டதில்ல. அவ மூஞ்சியே எனக்குத் தெரியாது. இது என் மனசுக்குள்ள இருக்குதா, உங்க டைம்டேபிள்ல இருக்குதா?"

பின் வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அப்புறம் நிறையப் பேர் தட்டினார்கள். பெங்களூர்க்காரர் முகம் நிஜமாகவே வாடிவிட்டது. "நல்ல கேள்வி, மேனேஜ்மென்ட் நோட் பண்ணிக்குவாங்க" என்றார். ஹெச்.ஆர். மேடம் நோட் பண்ணிக்கொண்டார். என்னைத்தான்.

சனிக்கிழமை வரைக்கும்தான்

அடுத்த வாரம் தோளில் தட்டிய கௌரம்மா ஊட்டா ஆயித்தா என்று கேட்கவில்லை. "அக்கா, சனிக்கிழமையோட எனக்குப் பிரேக்" என்றாள்.

பிரேக் என்றால் ஓய்வு இல்லை. கான்ட்ராக்ட் ஆள் நீண்ட நாள் ஒரே இடத்தில் இருந்தால் நிரந்தரம் கேட்டுவிடுவாளாம். அதனால் கொஞ்ச நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு வேறு கான்ட்ராக்டர் பெயரில், வேறு யூனிட்டில், புது ஆள் மாதிரிச் சேர்ப்பார்கள். பழைய லைனுக்குத் திரும்பி வந்தவள் யாரையும் நான் பார்த்ததில்லை. என் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் அந்தப் பிரேக் என்று சொல்ல என்னிடம் சாட்சி இல்லை. முறைப்படி அவளுக்கு அந்த நேரம் வந்திருக்கவும் கூடும்.

லைன் லீடர் பிரபு சேலத்துப் பையன், கெட்டவன் இல்லை. அவனிடம் போய், சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் நானும் கௌரம்மாவும் சேர்ந்து சாப்பிட வேண்டும், அந்த நேரத்துக்கு என் சீட்டில் வேறு யாரையாவது உட்காரவை என்று கேட்டேன்.

"அக்கா, ஆள் இல்லக்கா. லைன் நின்னா என்னைத்தான் கேப்பாங்க" என்றான். நீயே உட்காரேன் என்றேன். லீடர் உட்காரக் கூடாதாம், அதற்கும் ஒரு ரூல் இருந்தது. நாங்கள் சாப்பிடுவதைத் தவிர அங்கே எல்லாவற்றுக்கும் ரூல் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்து களி கிண்டினேன். கான்டீனில் எல்லாம் போடுவார்கள், களி மட்டும் போட மாட்டார்கள். கௌரம்மா அதற்கு ஏங்குவாள், அவள் பாஷையில் முத்தே. பச்சைப்பயறு கடைந்து, கீரை மசித்து, தூக்குச் சட்டியில் துணி சுற்றி எடுத்துப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இவ்வளவு யாருக்கு என்று கேட்டார். எனக்குத்தான், பசி என்றேன்.

மத்தியானம் தோளில் இரண்டு தட்டு விழுந்தது. "போங்க அக்கா" என்று குனிந்தாள். கண் சிவந்திருந்தது.

ஒவ்வொரு சீட்டுக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. போர்டில் கோளாறு என்றால் அமுக்கலாம், லைன் மொத்தமும் நின்றுவிடும். பயிற்சி நாளில் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள், தப்பைக் கண்டால் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று. எத்தனையோ நாள் அந்தப் பட்டனைத் துடைத்திருக்கிறேனே தவிர அமுக்கியதில்லை.

அமுக்கினேன்.

பெல்ட் நின்றது. தலைக்கு மேலே சிவப்பு விளக்கு சுற்றியது. அந்த ஷெட்டில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. எல்லாக் கண்களும் என்னையே பார்த்தன. பிரபு ஓடிவந்தான். "என்னக்கா தப்பு?" என்றான்.

"தப்பு போர்டுல இல்ல பிரபு" என்றேன். கௌரம்மாவின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு நடந்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சீட்டில் யாரும் இல்லை

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலமே என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். லைன் எவ்வளவு நேரம் நின்றது, எவ்வளவு நஷ்டம் என்று எனக்கு விளக்கினார்கள். கௌரம்மாவுக்கு எப்படியும் கடைசி நாள், அவளை என்ன செய்துவிட முடியும்? இப்போது நான் பாகலூர் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பூ தரம் பிரிக்கிறேன். அவள் வேறு யூனிட்டில் இருக்கிறாள், அங்கேயும் ரிலீவர்தான். எப்போதாவது வீட்டுக்காரர் போனிலிருந்து கூப்பிடுவாள். என் கோபம் தணிந்ததா என்று கேட்டால், இல்லை. மத்தியானம் ஆனால் இன்னும் காது சூடாகிறது.

ஆனால் அந்த மேசை எனக்கு இருக்கிறது. கான்டீனில் ஜன்னல் ஓரத்து மேசை. எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். மாஸ்கைக் கழற்றினாள்.

நான் நினைத்து வைத்திருந்த முகம் இல்லை அது. மூக்கின் இரண்டு பக்கமும் குத்தி, அதில் ஒன்று தூர்ந்திருந்தது. முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது. மேலுதட்டில் மாஸ்க் அழுத்திய தடம். அவளும் என்னை அப்படியே பார்த்தாள். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. ஒரு வரிக்கு மேல் பேசிப் பழக்கமில்லையே.

தூக்கைத் திறந்தேன். களியைப் பார்த்ததும் தட்டை முன்னால் நகர்த்தினாள். உருட்டிப் பயறில் தோய்த்து, ஒன்று விழுங்குவதற்குள் அடுத்ததை உருட்டினாள். நின்றுகொண்டே தின்று பழகின வேகம். கண் கதவின் மேலேயே இருந்தது. நான் பாதிகூடத் தின்னவில்லை, அவள் தட்டு காலி.

பழக்கத்தில் எழுந்திருக்கப் பார்த்தாள். என் தட்டைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தாள். கையைக் கழுவாமல் மேசை மேலேயே வைத்துக்கொண்டாள். எங்கள் தோப்பு முறையை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

பிரபு கதவருகே வந்து நின்றான், எங்களைப் பார்த்தான், திரும்பிப் போய்விட்டான்.

"அக்கா, இப்ப உங்க சீட்டுல யாரு?" என்றாள்.

"யாருமில்ல."

அவள் கதவைப் பார்ப்பதை நிறுத்தினாள். தூக்குச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, மீதி இருந்த களியை இரண்டாகக் கிள்ளி, ஒன்றை என் தட்டில் வைத்தாள்.

"அப்ப மெதுவாச் சாப்பிடலாம்" என்றாள்.